மூன்று அங்குலத் தட்டு

வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டிருக்கும் சரித்திரங்களில் பெரும்பாலானவை கம்பெனிகளின் சரித்திரங்கள். எந்த யந்திரம் எந்த வருஷம் வந்தது, எவ்வளவு விற்றது, யார் பணக்காரரானார், யார் திவாலானார் – இத்துடன் அவை திருப்தியடைந்துவிடுகின்றன. வாங்கிய மனிதர்கள் அந்த யந்திரங்களில் என்ன எழுதினார்கள், எழுதியது இன்று எங்கே கிடக்கிறது என்ற கேள்வி அவற்றில் எழுவதே இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அதைத் தொடர்ந்து போனால் வெகு அற்பமான ஒரு பொருளின் முன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது: டிஸ்க் டிரைவ், அதற்குள் ஓடும் ஒரு ரப்பர் பெல்ட்.

உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராட் கம்பெனி 1985 செப்டம்பரில் வெளியிட்ட பி.ஸி.டபிள்யூ. 8256 என்ற யந்திரம். அலன் ஷுகர் என்ற வியாபாரியின் கம்பெனி அது. யந்திரத்தின் விலை, வரி நீங்கலாக, 399 பவுண்டு. இந்த விலைக்குள் பச்சை எழுத்துக்கள் தெரியும் திரை, கீபோர்டு, பிரிண்டர், எழுதுவதற்கான லோகோஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் எல்லாம் அடக்கம். எழுதுவதற்கென்றே செய்த கம்ப்யூட்டர் என்பது அதுவரை பெரிய ஆபீஸ்களின் சொத்தாக இருந்தது. அது முதன்முறையாக ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. விளையாட்டுப் பையன்களுக்காக அல்ல, டைப்ரைட்டரில் மூன்றாவது முறையாக அதே பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தவர்களுக்காக அது செய்யப்பட்டது. நாவல் எழுதுகிறவர்கள், ஆய்வேடு எழுதுகிறவர்கள், ஊர்ச் சங்கத்துக்குச் சுற்றறிக்கை தயாரிக்கிறவர்கள் எல்லோரும் அதை வாங்கினார்கள். உள்ளே இருந்த சிப்பு அப்போதே பழசாகிவிட்ட இஸட்-80. அதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த யந்திரத்தின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்து மற்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் போட்டவுடன் உள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும் பேஸிக் மொழி திரையில் வந்து நிற்கும். டிரைவ் கெட்டாலும் அவை ஏதோ ஒரு விதத்தில் உயிருடன் இருக்கும். பி.ஸி.டபிள்யூ.வில் அப்படி எதுவும் கிடையாது. செலவை மிச்சப்படுத்த, பிரிண்டரைக் கட்டுப்படுத்தும் சின்னச் சிப்புக்குள் 256 பைட் அளவுக்கு ஒரு துவக்கக் கட்டளைத் தொகுதியை ஒளித்து வைத்தார்கள். அதற்குத் தெரிந்த காரியம் ஒன்றே ஒன்று – டிஸ்க்கிலிருந்து மேற்கொண்டு படிப்பது. ஆகவே டிரைவ் செத்தால் இந்த யந்திரம் வெறும் பச்சை வெளிச்சம்.

அந்த டிரைவுக்கு வேண்டிய டிஸ்க் மூன்று அங்குல அளவுள்ளது. நம்மில் பலருக்குப் பரிச்சயமான மூன்றரை அங்குலப் பிளாப்பி வேறு, இது வேறு. 1980களின் தொடக்கத்தில், பழைய ஐந்தே கால் அங்குல டிஸ்க்கின் இடத்தைப் பிடிக்கப் பல அளவுகள் போட்டியிட்டன. ஸோனி மூன்றரை அங்குலத்தைக் கொண்டுவந்தது. ஹிடாச்சியும் மட்ஸுஷிடாவும் மாக்ஸெல்லும் சேர்ந்து 1982இல் மூன்று அங்குலத்தை முன்வைத்தன. பொருளாகப் பார்த்தால் பின்னது மட்டமானதல்ல. கெட்டியான பிளாஸ்டிக் உறை. காந்தப் பரப்பைக் காக்கும் உலோகத் தடுப்பு உறைக்குள்ளேயே இருந்ததால் கை படாது, வளையாது. ஆனால் 1984இல் மாக்கின்டாஷ் ஸோனியின் அளவை எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் அடாரி எஸ்.டி.யும் அமிகாவும் அதையே எடுத்துக்கொண்டன. போட்டி அத்துடன் முடிந்தது.

ஆம்ஸ்ட்ராட் தேர்ந்தெடுத்ததோ தோற்ற அளவை. அந்த டிரைவ்கள் மொத்தமாக மலிவு விலையில் கிடைத்தன என்பதுதான் காரணம். 1985இல் ஸி.பி.ஸி. 664, ஸி.பி.ஸி. 6128, அதன் பின் பி.ஸி.டபிள்யூ.; ஸின்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை 1986இல் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய பின், 1987இல் ஸ்பெக்ட்ரம் பிளஸ் 3 – எல்லாவற்றிலும் இதே மூன்று அங்குலம். இதில் துரோகம் எதையும் நான் பார்க்கவில்லை. அந்த மலிவு இல்லாவிட்டால் 399 பவுண்டு இல்லை. 399 பவுண்டு இல்லாவிட்டால் அந்த வாத்தியாரின் நாவல் டைப்ரைட்டரிலேயே நின்றிருக்கும். எழுதுவதை எளியவர்களுக்குச் சாத்தியமாக்கிய அதே சிக்கனம்தான், எழுதியதை ஒரு முட்டுச் சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. இரண்டையும் ஒரே காரியமாகப் பார்க்காத சரித்திரம் பாதிச் சரித்திரம். பிற்பாடு 1991இல் வந்த பி.ஸி.டபிள்யூ. 9256இல் ஆம்ஸ்ட்ராட்டே மூன்றரை அங்குலத்துக்கு மாறிக்கொண்டது. கம்பெனி மாறிக்கொள்ளலாம். பெட்டி பெட்டியாக எழுதி அடுக்கியவர்கள் எப்படி மாறிக்கொள்வது?

ஒரு டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் 40 தடங்கள், தடத்துக்கு 9 பகுதிகள், பகுதிக்கு 512 பைட். ஆக 180 கிலோபைட். 8256இன் டிரைவில் தலை ஒன்றே ஒன்றுதான் என்பதால் மறு பக்கத்தைப் படிக்க டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25,000 ஆங்கிலச் சொற்கள் அடங்கும். சுமாரான நாவல் ஒன்றுக்கு இரண்டு டிஸ்க்.

இனி பெல்ட். இந்த டிரைவ்களில் மோட்டாரின் சுழற்சி ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான் தட்டுக்குப் போய்ச் சேருகிறது. தட்டு நிமிஷத்துக்கு 300 சுற்றுச் சுற்ற வேண்டும். ரப்பர் வருஷக்கணக்கில் ஒரே வளைவில் கிடந்து தளர்ந்துவிடுகிறது, அல்லது இளகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. யந்திரத்தை உபயோகித்தாலும் இப்படித்தான். உறை போட்டுப் பத்திரமாக வைத்தாலும் இப்படித்தான். வேகம் குறைந்தவுடன் டிரைவ் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்கிறது. உடைமைக்காரர் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து குப்பையில் போடுகிறார். டிஸ்க் நன்றாகவே இருந்திருக்கும்.

மூன்று அங்குல டிரைவை இன்று யாரும் தயாரிப்பதில்லை. மாற்று டிரைவ் தேடுகிறவருக்கு இருக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, இன்னொரு செத்த யந்திரத்திலிருந்து கழற்றிக்கொள்வது. ஒரு ஸ்பெக்ட்ரம் பிளஸ் 3 பிழைக்க ஒரு 6128 உயிர்விட வேண்டும். கனெக்டர் 26 முள்ளா 34 முள்ளா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைக்கிற டிரைவுக்குள்ளும் அதே வயசான பெல்ட்தான்.

இரண்டாவது, மூன்றரை அங்குல டிரைவ் ஒன்றைப் பொருத்துவது. இதில் பொறிகள் உண்டு. மின்சாரம் வரும் கனெக்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வழக்கமான வரிசைக்கு நேர்மாறாக இருக்கின்றன. அறியாமல் செருகினால் புது டிரைவ் அந்த க்ஷணமே எரிந்துபோகும். டிரைவ் தயார் என்ற அறிவிப்பை ஆம்ஸ்ட்ராட் எதிர்பார்க்கும் கம்பியில், பி.ஸி.களுக்காகச் செய்த டிரைவ்கள் டிஸ்க் மாற்றப்பட்டது என்ற வேறு அறிவிப்பை அனுப்புகின்றன. ஆகவே கம்பியை வெட்டி மாற்றி ஒட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, டிரைவே இல்லாத டிரைவ். கோடெக் என்ற சீனத் தயாரிப்பு. பிளாப்பி டிரைவோடு பிறந்த தொழிற்சாலை யந்திரங்கள் – எம்பிராய்டரி போடுபவை, உலோகம் கடைபவை – பிளாப்பி மறைந்த பின்பும் ஓட வேண்டியிருந்ததால் உண்டான பொருள் இது. ஒரு யு.எஸ்.பி. குச்சியில் உள்ள கோப்புக்களையே டிஸ்க் என்று யந்திரத்தை நம்பவைக்கிறது. கீர் ஃப்ரேஸர் எழுதிய ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற கட்டளைத் தொகுதியை ஏற்றினால் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றுடன் இணக்கமாகப் பேசுகிறது. இதற்கும் முந்தியே ழான்-ஃப்ரான்ஸ்வா தெல் நெரோவின் எச்.எக்ஸ்.ஸி. என்ற சாதனம் இந்த வேலையைச் செய்து காட்டியது. சத்தமில்லை, தேய்மானமில்லை, பெல்ட் இல்லை.

சேகரிப்பவர்கள் மத்தியில் இது பற்றி ஓயாத விவாதம் நடக்கிறது. அசல் டிரைவின் முனகல் இல்லாவிட்டால் அது அசல் யந்திரமே அல்ல என்று ஒரு சாரார். ஓடினால் போதும் என்று மறு சாரார். இரு சாராருமே யந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அசல் என்பதன்மேல் எனக்கு மோகம் எதுவும் இல்லை. விளையாட ஆசைப்படுகிறவனுக்குக் கோடெக் பூரணமாகப் போதும். அவனுக்கு வேண்டிய விளையாட்டுக்கள் ஏற்கெனவே பலமுறை நகலெடுக்கப்பட்டு உலகம் முழுக்க இருக்கின்றன. ஆனால் இரண்டாம் மூன்றாம் வழிகளில் பிழைத்தெழும் பி.ஸி.டபிள்யூ.வால் தான் எழுதிய ஒரு டிஸ்க்கைக்கூடப் படிக்க முடியாது. பச்சைத் திரை வரும், லோகோஸ்கிரிப்ட் வரும், கீபோர்டு கேட்கும். பக்கத்திலுள்ள பெட்டி முழுக்க எழுத்து, அதை நுழைக்க வாய் இல்லை. யந்திரத்தை ஓட வைக்கும் மாற்று ஒன்று, எழுதியதைப் படிக்க வைக்கும் மாற்று இன்னொன்று. மாற்று டிரைவ் என்ற ஒரே பெயர் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. லோகோஸ்கிரிப்டில் ஒரு கோப்பை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. லிம்போ என்ற நிலைக்குப் போகிறது – கிறிஸ்துவ இறையியலில் சொர்க்கமும் அல்லாத நரகமும் அல்லாத எல்லைப்புறத்துக்கு உள்ள பெயர் அது. டிஸ்க்கில் இடம் தேவைப்படும்வரை அங்கேயே கிடக்கும், வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம். திருத்திய கோப்பின் முந்தைய வடிவத்துக்கும் இதே கதிதான். அச்சுக்குப் போன பிரதி காகிதத்தில் இருக்கிறதே, டிஸ்க் எதற்கு என்பவர்களுக்கு இதுவே பதில். எழுத்தாளன் வேண்டாம் என்று தள்ளிய அத்தியாயம், மனம் மாறி அடித்த முடிவு, கோபத்தில் எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் எதுவும் அச்சுப் பிரதியில் இராது.

இவற்றை எடுக்க வேண்டுமானால் மூன்று அங்குலத் தலை ஒன்று ஓடியாக வேண்டும். வேறு வழியே கிடையாது. சில ரூபாய் பெறும் புது பெல்ட், பிசுபிசுப்பைத் துடைக்க ஐஸோப்ரொபைல் ஆல்கஹால், கொஞ்சம் பொறுமை – அநேக டிரைவ்களுக்கு இவ்வளவே வைத்தியம். கூடுமானால் எழுதிய டிரைவையே பிழைக்க வைப்பது நல்லது. தலை நூலிழை விலகியிருந்தாலும் தன் கோணலில் தான் எழுதியதை அது படித்துவிடும், மற்ற டிரைவ் தடுமாறும். பிறகு அந்த டிரைவை பி.ஸி.டபிள்யூ.வில் மாட்டத் தேவையுமில்லை. கிரீஸ்வீஸல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற சாதனங்கள் வழியாக இன்றைய கம்ப்யூட்டருடன் இணைத்து, காந்தப் பரப்பின் மாறுதல்களை உள்ளபடியே பிரதியெடுத்துக்கொள்ளலாம். அதன் பின் அந்த டிரைவ் சாகலாம்.

பிரபலங்களுக்கு இதைச் செய்து தர ஸ்தாபனங்கள் உண்டு. ஸல்மான் ருஷ்டியின் மாக்கின்டாஷ் பெர்ஃபார்மாவை எமரி பல்கலைக்கழகம் வாங்கி, அதன் உள்ளுலகை அப்படியே பாவனை செய்து, 2010இல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஆண்டி வார்ஹால் 1985இல் அமிகாவில் வரைந்த படங்களைப் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் கம்ப்யூட்டர் மன்றத்தினர் டிஸ்க்குகளிலிருந்து மீட்டு, 2014இல் அது வெளியே தெரிந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் பி.ஸி.டபிள்யூ.வை வாங்கியவர்கள் ருஷ்டிகள் அல்ல. ஒரே நாவல் எழுதி அதையும் யாரும் பிரசுரிக்காதவர்கள், ஐம்பது பேர் படிக்கும் பத்திரிகை நடத்தியவர்கள். இவர்களின் டிஸ்க்குகளுக்காக எந்தப் பல்கலைக்கழகமும் பெல்ட் வாங்காது.

அவர்களுடையதெல்லாம் காப்பாற்றத் தகுந்ததா என்று கேட்கலாம். பெரும்பகுதி இல்லைதான். விமர்சனம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான் – படித்துவிட்டு நிராகரிக்க. ஆனால் இங்கே நிராகரிப்பது ரப்பர். அது படித்துவிட்டு நிராகரிக்கவில்லை. ஒரு காலத்து எழுத்தில் எது மிஞ்சுவது என்பதை வாசகனும் விமர்சகனும் தீர்மானித்துத் தவறு செய்தால், அடுத்த தலைமுறை அந்தத் தவறைத் திருத்தலாம். ஒரு வியாபாரியின் கொள்முதல் விலை தீர்மானித்ததைத் திருத்த யாரிடம் போவது?

வென்ற அளவும் நிலைக்கவில்லை. மூன்றரை அங்குல டிஸ்க்கின் விற்பனையை ஜப்பானில் 2011 மார்ச்சோடு ஸோனி நிறுத்திவிட்டது. இரண்டு அளவுகளுக்கும் இடையே இருந்த தூரம், இங்கிருந்து பார்க்கும்போது, கால் நூற்றாண்டு. இங்கிலாந்தின் பரண்களில் அந்தப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. காந்தம் மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது. யாராவது பரணைச் சுத்தம் செய்து அந்த யந்திரத்தை வெளியே எடுத்து வைத்தால், திரை எரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதலில் டிரைவைத் திறந்து பெல்ட்டைப் பார்க்கட்டும். டிஸ்க்கைக் குப்பையில் போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.