கண்ணாடித் தொட்டியில் பாசி

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, நீர்ச்செடிகளை நட்டு, வண்ண மீன்களை விட்டு வளர்க்கும் வழக்கம் வடசென்னையில் இன்று மிகுந்திருக்கிறது. அழகு மீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற கொளத்தூர், இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் தொலைவில் இல்லை. மீனை வாங்கி வந்தவர்க்கு முதற் சில வாரங்கள் மகிழ்ச்சியே. பிறகு ஒரு நாள் கண்ணாடி பழுப்பேறுகிறது; அல்லது நீர் பசுமையாகிறது; அல்லது இலையோரத்தில் கருநிற மயிர்போல் ஏதோ முளைக்கிறது. உடனே கடைக்கு ஓடி மருந்து கேட்கிறார்கள். மருந்தை ஊற்றிய மறுநாள், பாசியோடு மீனும் மடிந்து மிதப்பதுண்டு. பொழுதுபோக்காக வளர்ப்பவர்க்கு அது வருத்தம். குஞ்சுகளை விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கோ அது பெரிய இழப்பு.

பாசி வளர ஒளியும் உணவும் வேண்டும். இதற்குச் சென்னைக் குடிநீரின் வரலாறே நல்ல பாடம். 1772-இல் காப்டன் பேக்கர் என்பாரின் முயற்சியால் ஏழு கிணற்றிலிருந்து கோட்டைக்கு நீர் சென்றது. வெயில் புகாத ஆழ்கிணற்றில் பாசிக்கு இடமில்லை. 1872 முதல் புழல் ஏரி நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து, வடிகட்டப்படாமலே நகரத்துக்குப் போயிற்று. திறந்த ஏரியும் திறந்த கால்வாயும் பாசிக்குத் தாய்வீடு. 1914-இல் மணல் வடிகட்டிகள் அமைந்தன. அவற்றில் ஒரு வியப்பு உண்டு: மணலின் மேல் படியும் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த மெல்லிய ஏடுதான் நீரைத் தூய்மை செய்வதில் பெரும் பங்கு கொள்கிறது. ஏடு தடித்து நீர் இறங்காதபோது மட்டும் அதைச் சுரண்டி எடுப்பார்கள். பாசியைப் பகை என்று மட்டும் எண்ணுவோர் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொட்டிப் பாசியை ஆராய்ந்து தீர்வு கண்டவர்களுள் முன்னோடி, இலண்டன் மருந்தாளர் சங்கத்தின் இரசாயனியான ராபர்ட் வாரிங்டன். தொட்டியில் இரு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நாடா இலைச் செடியையும் வைத்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி உட்கொள்ளும். செடி தரும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது, ஆயினும் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று, கண்ணாடியில் பச்சை வழும்பு படர்ந்தது. வாரிங்டன் நஞ்சைத் தேடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலையும் வழும்பையும் மேய்ந்தன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. இச்செய்தியை 1850-இல் இரசாயனக் கழகத்தில் வெளியிட்டார். மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் அந்த ஏற்பாட்டுக்கு மேலான மருந்து இன்றும் இல்லை என்பது என் துணிபு.

நஞ்சின் வழி பிறகு வந்தது. 1904-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர், மயில்துத்தத்தைச் சிறிதளவு கரைத்தால் நீர்த்தேக்கப் பாசி மடியும் என்று காட்டினர். பெருநீர்த்தேக்கத்துக்கு அது உதவியது. சிறு தொட்டிக்கு அது ஆகாது. துத்தம் நத்தையையும் இறாலையும் முதலில் கொல்லும். மடிந்த பாசி ஒருங்கே அழுகும்போது பிராணவாயு தீர்ந்து மீன் மூச்சடைத்துச் சாகும். மேலும், உப்புச்சத்துக் குறைந்த நீரில் துத்தத்தின் கொடுமை மிகுதி. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் கடினமான ஆழ்குழாய் நீரும், அடுத்த வீட்டில் வேறு நீரும் இருக்கக் கூடும். 2010-இல் தொடங்கப்பெற்ற மீஞ்சூர் நிலையம் கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிநீராக்க அமைந்தது. ஒருவர் தொட்டிக்குப் பொறுத்த அளவு, மற்றவர் தொட்டிக்கு நஞ்சாகலாம்.

இன்ன பாசி என்று அறியாமல் மருந்திடுவது, நோய் தெரியாமல் கஷாயம் கொடுப்பதைப் போன்றது. பாசியை இனங்காணும் கலையில் சென்னைக்குத் தனிப் பெருமை உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றியவர். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ச்சிக்கு ஒரு மரபையே உண்டாக்கினார். தாம் கண்ட புதிய பாசி ஒன்றுக்குப் பேராசிரியர் பிரிட்ச் அவர்களின் பெயரைச் சூட்டி 1932-இல் வெளியிட்டார். அம்மரபில் வந்த டி. வி. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் எழுதிய பெருநூல் இன்றும் அத்துறையினர் கையில் இருக்கிறது. எஸ். வி. கணபதி என்பவர், நீங்காமல் பசுமை படர்ந்த ஒரு கோயிற் குளத்தை ஆராய்ந்து 1940-இல் கட்டுரை வரைந்தார். அத்தகைய குளத்தில் மேலே மிதக்கும் பச்சையை அள்ளினால் மட்டும் போதுமா? கை பட விலகிக் கை எடுக்க மூடும் பாசியைக் குறுந்தொகையில் பரணர் பசலைக்கு உவமையாக்கினார். நோயின் காரணம் நீங்காதவரை பசலை நீங்காது, பாசியும் அப்படியே.

நுண்ணோக்கி இல்லாத இல்லத்தாரும் பெரும்பாலான பாசிகளைக் கண்ணாலும் விரலாலும் அறியலாம். புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் பொடி டயாட்டம். விரலால் துடைத்தால் போய்விடும். சில வாரங்களில் தானே குறையும். நீரே பச்சையானால் தொட்டியின் மேல் சன்னல் வெயில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நூல் நூலாகப் படர்வதைக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். இலையோரத்துக் கருமயிர், பார்வைக்குக் கறுப்பேயாயினும் சிவப்புப் பாசி இனம். சாராயத்தில் இட்டால் செந்நிறம் காட்டும். அது பற்றிய முதிர்ந்த இலைகளைக் கிள்ளி எறிவதே நலம்.

ஏமாற்றுவதில் வல்லது நீலப்பச்சைப் பாசி. செடிகளின் மேல் போர்வைபோல் வழவழப்பாகப் படர்ந்து, ஏடு ஏடாக உரிந்து வரும். மண் நாற்றம் வீசும். உண்மையில் அது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. நத்தையும் அதனை விரும்பி மேய்வதில்லை. அதன் ஓரினமாகிய ஆசிலேட்டோரியாவின் இழைகள் நுண்ணோக்கியின் கீழ் ஊசலாடுவதைக் காணலாம். பெயரின் பொருளும் அதுவே. இது தோன்றினால், குழாய் வைத்து ஏட்டை உறிஞ்சி எடுத்து, அடியில் தங்கிய எச்சத்தையும் அகற்றி, நீரில் மூன்றிலொரு பங்கை மாற்ற வேண்டும். பிறகு தொட்டியைக் கறுப்புத் துணியால் மூன்று நான்கு நாள் முற்றும் மூடி, காற்றுக் குழாய் மட்டும் ஓடவிட வேண்டும். நலமாயிருக்கும் மீன்கள் அந்நாட்களில் இரையின்றியும் தாங்கும். துணியை எடுத்தபின் இன்னொரு முறை நீரை மாற்றி, விளக்கை நாளொன்றுக்கு ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல், இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே இரை போட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரை டப்பாவை உயரத்தில் வைப்பது நல்லது.