லயமும் சட்டமும்

எல்லவுக்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு களிக்கிறார்கள். இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து அறையெடுத்துத் தங்குகிறார்கள். வாடகை கொடுப்பவன் குடியிருப்பவன், வாங்குபவன் வீட்டுக்காரன். இதில் குழப்பத்துக்கு இடமில்லை. அதே மலைச்சரிவுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த மக்களுக்கோ வாடகையும் இல்லை, குடியிருப்பவன் என்ற பெயரும் இல்லை. கூலி கொடுத்த துரையே வீட்டுக்காரனாகவும் இருந்தான். சோறும் கூரையும் ஒரே கையில் இருக்கும்போது சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் சட்டம் தொழிலாளியைப் பார்த்து, "போகாதே" என்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். கடன் தீராமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாதபடி 'துண்டு' முறை வேறு இருந்தது. கடன் எழுதப்பட்ட அந்தக் காகிதத் துண்டுதான் தொழிலாளியின் விலங்கு. 1921இல் அது ஒழிந்தது. ஆனால் விலங்கு கழன்ற சிறிது காலத்திற்குள் கதை தலைகீழாயிற்று. ஆள் மிகுந்தால், அல்லது ஒருவன் சங்கம் என்று வாய் திறந்தால், பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, "போய்விடு" என்றார்கள். வேலை போனவனுக்குக் காம்பராவும் போயிற்று. அவன் ஒருவன் மட்டுமா போனான்? அவனோடு கொழுந்து பறித்த மனைவியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. 1942இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பட்டணத்து வாடகைக்காரனுக்குக் கொஞ்சம் நிழல் கொடுத்தது. லயத்தின்மீது அந்த நிழல் விழவில்லை.

இந்த நிலையை ஊவா வாய்மூடி ஏற்றுக்கொண்டதில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையான பின் மூண்ட வேலைநிறுத்த அலை, மே மாதத்தில் பதுளைப் பகுதியில் உச்சத்தை எட்டியது. வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சபையைக் கலந்துகொண்டே நிர்வாகம் நடத்தத் தோட்டத்துரையும் இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் கையிலிருந்த ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்ட செய்தியும் உண்டு. பதுளையில் தடையை மீறி டாக்டர் என். எம். பெரேரா கூட்டத்தில் பேசினார். அடுத்த மாதமே அவரும் மற்றச் சமசமாசத் தலைவர்களும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். யாருடைய தோட்டம், யாருடைய வீடு என்ற கேள்வியைச் சில வாரங்களுக்கேனும் தொழிலாளியே கேட்டான் என்பதுதான் வெவெஸ்ஸவின் பெருமை.

அக்கேள்வி நீதிமன்றம் ஏறியது ஊவாவிலன்று, கேகாலை மாவட்டத்தில். 1946இல் அங்குள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காகச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, தொழிலாளரை வெளியேறச் சொன்னது. நிலமில்லாத சிங்களக் கிராமத்தவனின் பசியும் பொய்யன்று. ஆனால் அவனுடைய பசிக்கு லயத்துக்காரனின் அடுப்பை அவித்துப் பரிகாரம் தேடியது ஆளுவோரின் சாமர்த்தியம். தொழிலாளர் வெளியேற மறுத்தனர். மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அனுதாப வேலைநிறுத்தம் செய்தனர். வீட்டில் இருந்ததற்காகக் 'குற்றமுறையான அத்துமீறல்' என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. போனால் குற்றம் என்று சொன்ன சட்டம், இப்போது இருந்தால் குற்றம் என்றது!

செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரில் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1950இல் தீர்ப்பு வந்தது. தன் வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதே ஒருவனுடைய முதன்மையான நோக்கமானால், அதனால் நிலத்துக்குரியவருக்கு எரிச்சல் உண்டாகும் என்று அவன் அறிந்திருந்தாலும், அது குற்றமாகாது என்றது தீர்ப்பு. தண்டனை இரத்தாயிற்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லயம் அவனுடையது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இருந்ததற்காகச் சிறையில் தள்ளாதே என்று மட்டுமே சொன்னது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவராக்கியிருந்த வேளை அது. வாக்குச் சீட்டில்லாதவனுக்குக் கூரை பற்றிய நியாயம் கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

நாட்டின் சொந்தச் சட்டமன்றம் இதைச் செய்ய 1971 வரை சென்றது. தோட்டக் குடியிருப்புகள் பற்றிய அவ்வாண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலை போனாலும், நீதிமன்றக் கட்டளையின்றித் தொழிலாளியைக் காம்பராவிலிருந்து வெளியேற்ற முடியாது. இது சிறிய வெற்றியன்று. இரவோடிரவாகத் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறியும் துரைத்தனத்துக்கு அது ஒரு தடை. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. வீட்டுக்காரன் மாறி மாறி வந்தான். குடியிருந்தவன் மட்டும் மாறவில்லை.

தம்பதிகள் பிரிய நேர்ந்தால் என்ன என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. 1907இன் விவாகப் பதிவுச் சட்டம் விவாகரத்துக்கு ஏற்கும் காரணங்களில் ஒன்று, வஞ்சகமாகக் கைவிட்டுப் போதல். வீட்டை விட்டுப் போனது யார் என்று வழக்கில் கேட்கப்படும். செக்ரோலில் கணவனுக்கொரு பேர், மனைவிக்கொரு பேர். காம்பரா மட்டும் ஒன்றே. ஒருவருக்கும் உரிமையில்லாத அந்த ஒன்றைப் பங்கு பிரிப்பது எப்படி? பெரும்பாலும் பெண்ணே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டு லயத்துக்கு நடக்கிறாள்.

கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தை லயங்கள் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மண்ணில் புதைந்தன. அந்தச் சரிவு அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஏன் வெளியேறவில்லை என்று பின்னர் கேட்டோர் உண்டு. எங்கே போவது? வெளியேற்றக்கூடாது என்று சட்டம் சொல்லியிருந்ததே தவிர, வெளியேறினால் கால் ஊன்ற ஒரு துண்டு நிலத்தை எந்தச் சட்டமும் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.  உயிர் தப்பியவர்களில் பலர் மக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் தங்க வைக்கப்பட்டார்கள். புது வீடுகள் அவர்கள் கைக்கு வந்தது 2016இல்.