இந்திர லால் ராய்: ஒரு விமானியின் பெயரும் ஒரு பதக்கத்தின் தேதியும்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து மாண்ட லெப்டினன்ட் ராயை ஆவணங்களில் தேடுபவருக்கு முதலில் குறுக்கே நிற்பது அவருடைய பெயர்தான். ராய் என்பது வங்காளத்தின் குடும்பப் பெயர் மட்டுமல்ல. ஸ்காட்லாந்திலும் பிரான்ஸிலும் வழங்கும் பெயரும்கூட. போதாக்குறைக்கு, எல்லோரும் அவரை ‘லாடி’ என்றே அழைத்தார்கள். ஸ்காட்லாந்து வழக்கில் சிறுவனைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. மாண்டோர் பட்டியலில் லாடி ராய் என்று பார்ப்பவருக்கு, 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்த ஒருவர் நினைவுக்கு வரமாட்டார். அந்தப் போரில் பறந்த மற்ற இந்தியர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஹர்தித் சிங் மாலிக்கின் தலைப்பாகையே அவரை அடையாளம் காட்டியது. வெலிங்கர், சென் என்ற பெயர்களும் பட்டியலில் தனித்தே தெரியும்.

இந்திரன் என்ற பெயரை வைத்து, வானத்தை ஆள்வதற்கென்றே பிறந்தவர் என்று எழுதுவோர் உண்டு. அதை ஒதுக்கிவிடலாம். தந்தை பியரி லால், அண்ணன் பரேஷ் லால் என வீட்டில் வரிசையாக வந்த பெயர்களில் இதுவும் ஒன்று. தந்தை கல்கத்தாவில் அரசுத் தரப்பு வழக்குகளை நடத்திய பாரிஸ்டர். பரேஷ் லால் பின்னாளில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை எனப் பெயர் பெற்றார். தாய் லலிதா பிள்ளைகளுடன் லண்டனில் குடியிருந்தவர். 1911-இல் பெண்கள் வாக்குரிமை கேட்டு நடத்திய முடிசூட்டு ஊர்வலத்தில் இந்தியப் பெண்களின் அணியோடு நடந்தவர். அக்காலச் செய்திகளில் அவர் பெரும்பாலும் ‘திருமதி பி. எல். ராய்’. மகனின் பெயர் வேற்றுநாட்டான் பெயர்போல் ஒலித்து மறைந்தது என்றால், தாயின் பெயர் கணவரின் முதலெழுத்துகளுக்குள் மறைந்தது. இக்குடும்பத்தை ஆய்பவர் இரண்டு திரைகளையும் விலக்க வேண்டியிருக்கிறது.

லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்த ராய் 1917 ஜூலையில், பதினெட்டு வயதில், ராயல் ஃபிளையிங் கோரில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். 1918 ஏப்ரல் 1 அன்று அந்தப் படை ராயல் விமானப்படை ஆகிவிட்டது. ஆகவே அவருடைய சேவைக் குறிப்புகளைத் தேடுபவர் இரண்டு படைகளின் தாள்களையும் புரட்ட வேண்டும். கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘ஏர் 76’ என்ற வரிசை விமானப்படை அதிகாரிகளுக்குரியது. அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

அக்டோபர் இறுதியில் அவர் 56-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தார். டிசம்பர் 6 அன்று அவருடைய எஸ்.ஈ.5ஏ விமானம் தரையில் மோதி நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டார்கள், அவர் விழித்துக் கதவைத் தட்டினார் என்பது எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. சுவையான கதைதான். ஆனால் அதன் சுவையில் அடுத்து வந்த மாதங்கள் காணாமல் போகின்றன. பறக்கத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் சொன்ன நாட்களில் அவர் விமானங்களைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். விமானத்தின் உடற்கட்டு கண்ணில் பதிந்திருந்த கையின் வேலை அது. அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. 1918 ஜூனில்தான் அவர் 40-ஆம் ஸ்குவாட்ரனில், ஜார்ஜ் மெக்கெல்ராயின் பிரிவில், மீண்டும் போர்முனைக்கு வந்தார்.

இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் முதன்மையான வாதம். ராயின் வெற்றிகள் பத்து என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அவருக்கு டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் வழங்குவதாக 1918 செப்டம்பர் 21 அன்று லண்டன் அரசிதழில் வந்த குறிப்போ, பதின்மூன்று நாட்களில் ஒன்பது எதிரி விமானங்கள் என்கிறது. பின்னர் எழுதியவர்கள் இரண்டையும் கலந்து ‘பதின்மூன்று நாளில் பத்து’ என்று ஆக்கிவிட்டார்கள். ஒன்பது என்பதை அலுவலகப் பிழை என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தேதிகளை அடுக்கிப் பார்க்கலாம். ஜூலை 6 அன்று ஒரு ஹானோவர் விமானம். 8 அன்று நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13 அன்று இரண்டு, 15 அன்று இரண்டு, 18 அன்று ஒரு டி.எஃப்.டபிள்யூ. கூட்டினால் ஒன்பது. 6 முதல் 18 வரை, இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால், சரியாகப் பதின்மூன்று நாள். பத்தாவது விமானம், காஞிகூர் அருகே வீழ்ந்த இன்னொரு ஹானோவர், 19-ஆம் தேதிக்குரியது. ஒன்பதும் பதின்மூன்றும் சேர்ந்து பொருந்துவது 18-இல் கணக்கை முடித்தால்தான். பரிந்துரை 18 இரவிலோ 19-இன் வெற்றி கணக்கில் ஏறும் முன்னரோ எழுதப்பட்டது என்று கொள்வதே இயல்பு.

இதற்கு இன்னொரு விளக்கம் சொல்லலாம்: சக விமானிகளோடு சேர்ந்து வீழ்த்தியதைக் கழித்திருப்பார்கள் என்று. ஆனால் ராயின் பத்தில் அப்படிப்பட்டவை இரண்டு. கழித்தால் எட்டுதான் வரும், ஒன்பது வராது. எதிரி விமானம் கட்டுப்பாடிழந்து விழுந்ததையும் பிரிட்டிஷார் வெற்றியாக எண்ணினார்கள். பத்தில் ஐந்து அந்த வகை. அந்த வேறுபாட்டைக் கொண்டும் ஒன்பதை எட்ட முடியாது.

ராய் ஜூலை 22 அன்று கார்வின் நகருக்கு மேல் ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது பத்தொன்பது. அவருக்கு இப்பதக்கம் ‘மறைவுக்குப் பின்’ வழங்கப்பட்டது என்று இந்தியாவில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அன்றைய விதிப்படி விக்டோரியா கிராஸையும் போர் அறிக்கைக் குறிப்பையும் தவிர மற்ற வீரப் பதக்கங்களை இறந்தவருக்குக் கொடுக்க முடியாது. அந்த விதி 1979-இல்தான் தளர்ந்தது. உயிரோடிருந்தபோது பரிந்துரை போயிருந்தால் மட்டும், இறந்த பின் பெயர் அரசிதழில் ஏறலாம். செப்டம்பரில் ராயின் பெயர் அங்கே இருப்பதே, ஜூலை 22-க்கு முன் யாரோ ஒரு மேலதிகாரி பரிந்துரையில் கையெழுத்திட்டுவிட்டார் என்பதற்குச் சான்று. தேதிக் கணக்கும் விதியும் தனித்தனி வழியாக வந்து ஒரே வாரத்தில் சந்திக்கின்றன.

பிரான்ஸில் எஸ்தெவெல் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவுக்கல் வங்காளத்திலும் பிரெஞ்சிலும் எழுத்துப் பொறித்து நிற்கிறது. மாவீரனின் சமாதி, மரியாதை காட்டுங்கள், தொடாதீர்கள் என்பது வங்காள வரிகளின் கருத்து. எந்த வங்காளி அந்த வழியே போவார் என்ற கேள்வி எழாமல் இல்லை. தன் பிள்ளை எந்த மண்ணைச் சேர்ந்தவன் என்பதைப் பட்டியல்கள் சொல்லவில்லை, கல்லாவது சொல்லட்டும் என்று குடும்பம் நினைத்திருக்க வேண்டும். பிரெஞ்சு அந்த ஊராருக்கு. இது என் ஊகம். பதக்கத்தைப் பற்றிச் சொன்னது அப்படியல்ல: 1998-இல் இந்திய அஞ்சல் துறை நூற்றாண்டுத் தலை வெளியிட்ட பிறகு பெருகிய வாழ்க்கைக் குறிப்புகளில் ‘மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது’ என்ற தொடர் ‘மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது’ என்று திருத்தப்பட வேண்டும், பதின்மூன்று நாட்களோடு பத்து என்ற எண்ணைச் சேர்த்து எழுதுவதும் நிற்க வேண்டும்.