இடம் பெயர்ந்த கடற்கரை



நான் பள்ளியில் படித்த நாளில், வரலாற்றுத் தேர்வு ஒன்றில் "கொற்கைத் துறைமுகம் எவ்வாறு அழிந்தது?" என்று ஒரு வினா வந்தது. "கொற்கையைக் கடல் கொண்டது" என்று சற்றும் தயங்காமல் எழுதினேன். காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிக் கேட்டிருந்த செய்தியை அப்படியே கொற்கைக்கும் ஏற்றிவிட்டேன். விடைத்தாளைத் திருத்தியவரும் மதிப்பெண் வழங்கிவிட்டார். ஆகவே அந்த விடை பல ஆண்டுகள் என் உள்ளத்தில் உண்மைபோலவே குடியிருந்தது. 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தாமிரபரணியின் கரையைப் பற்றிக்கொண்டு, அது கடலில் கலக்கும் இடம் வரையில் சென்று பார்த்தபோதுதான் நான் எழுதியது தலைகீழான விடை என்பதை உணர்ந்தேன். என் பிழையை நான் திருத்திக்கொண்ட கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கொற்கைக்குச் சென்றேன். பாண்டியரின் பெருந்துறை அது. சங்கப் புலவர்கள் அதன் முத்தைப் பாடினர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடலின் பெரிப்புளூஸ்' என்னும் கடல்வழி நூல், இவ்வூரைக் 'கொல்கை' என்று குறிப்பிட்டு, இங்கே பாண்டிய மன்னனுக்கு உரிய முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் நிலநூலாசிரியரும் இவ்வூரை அறிந்திருந்தார். அவர் நூலில் அண்டையிலுள்ள வளைகுடாவே கொற்கையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு கடலுக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர் எத்துணைப் பெருமை பெற்றிருந்திருக்க வேண்டும்!

அந்த ஊரில் இறங்கி நான் முதலில் தேடியது கடலைத்தான். கடல் எங்கும் காணப்படவில்லை. அலையோசை இல்லை, உப்புக் காற்றும் இல்லை. வயல்களும், வாழைத் தோட்டங்களும், ஒரு பெரிய குளமும், முதிர்ந்த வன்னி மரம் ஒன்றுமே கண்ணில் பட்டன. அக்கசாலை ஈசுவரமுடையார் என்னும் பெயருடைய சிவன் கோயில் ஒன்றும் அங்கே உண்டு. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் சாலை. அரசனுடைய நாணயம் பிறந்த இடத்தை இன்று இறைவனுடைய பெயர் மட்டுமே நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

வயலில் வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி, "அண்ணாச்சி, கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கிழக்கே கை காட்டினார். "கடலா? அது ஒன்றரைக் காத தூரத்துக்குக் குறையாது என்று என் பாட்டன் சொல்லுவார். ஆனால் ஐயா, கிணறு தோண்டினால் கடல் எங்கள் காலடியிலேயே இருக்கிறது. சிப்பியும் சங்குமாய் வரும்" என்றார். பாட்டனாரின் காதக் கணக்கு சற்றுப் பெரிது. இன்றைய அளவில் கொற்கைக்கும் கடலுக்கும் இடையே ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. ஆனால் அவர் சொன்ன இரண்டாவது செய்தி பெரிய வரலாற்றுச் சான்று. கடல் கொண்ட ஊராக இருந்தால் ஊரின் மேல் கடல் இருக்க வேண்டும். இங்கேயோ கடலின் மேல் ஊரும் வயலும் இருக்கின்றன! கடல் கொற்கையை விழுங்கவில்லை. நிலமே கடலை விழுங்கிவிட்டது.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், மொழி ஆராய்ச்சியோடு நின்றவர் அல்லர். இப்பகுதியில் நிலத்தை அகழ்ந்து பார்த்தவரும் அவரே. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலே கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது என்பதை 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் அவர் விளக்கினார். பிற்காலத்தில் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் 1968-69இலும், மீண்டும் 2021இலும் கொற்கையில் அகழாய்வு நடத்தினர். முதல் அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றை ஆராய்ந்தபோது, அது கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று தெரியவந்தது.

கடல் விலகினால் துறைமுகம் என்ன செய்யும்? அதுவும் கடலைப் பின்தொடர்ந்து நடக்கும். கொற்கையைத் தூர்த்த ஆறு கிழக்கே ஒரு காயலை உண்டாக்கியது. காயல் என்பது கடலோடு தொடர்புடைய உப்பங்கழி. அதன் கரையில் எழுந்த பட்டினத்துக்கும் காயல் என்றே பெயர் வாய்த்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ இக்கரைக்கு வந்தார். அவர் 'காயில்' என்று குறிப்பிடும் நகரம் பெரியது, சிறப்பு வாய்ந்தது. ஓர்மசு, ஏடன் முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அங்கே நங்கூரம் பாய்ச்சின. பாண்டிய அரசர்கள் பொன்னை வாரி வழங்கிக் குதிரைகளை வாங்கினர். வளர்க்கும் முறை அறியாமையால் அவை விரைவில் மடிந்தன; ஆதலால் ஆண்டுதோறும் புதிய குதிரைகள் தேவைப்பட்டன.

அந்தக் காயில் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழையகாயலே அது என்றார் கால்டுவெல். சற்றுத் தெற்கே உள்ள காயல்பட்டினம் என்பர் வேறு சிலர். பழையகாயல் பகுதியில் சீன நாட்டுப் பீங்கான், அரபு நாட்டு மட்கலம் ஆகியவற்றின் உடைந்த துண்டுகளைக் கால்டுவெல் கண்டார். நான் சென்றபோதும் வெயிலில் மின்னிய ஓட்டுத் துண்டு ஒன்று காலில் தட்டுப்பட்டது. அதைச் சட்டைப் பையில் இட்டுக்கொள்ள ஆசை எழுந்தது. ஆயினும் அது கிடந்த மண்ணே அதன் வாக்குமூலம். மண்ணிலிருந்து பிரித்துவிட்டால் அது வாய் பேசாத சில்லாகிவிடும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தேன்.

இன்று பழையகாயலும் துறைமுகம் அன்று. அதைச் சுற்றி உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கடல் மேலும் கிழக்கே சென்றுவிட்டது. அதைத் தொடர்ந்து சென்றவர்கள் புன்னைக்காயலை அடைந்தனர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இம் முத்துக் கரைக்கு வந்தபோது புன்னைக்காயல் அவர்களுக்கு ஒரு முக்கிய நிலையமாயிற்று. என்றீக்கே என்றீக்கசு என்னும் பாதிரியார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கே கழித்துத் தமிழ் கற்றார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அவர் 1600இல் காலமானார். போர்த்துக்கீசியரின் தலைமை இடமோ புன்னைக்காயலை விட்டு வடக்கே தூத்துக்குடிக்குச் சென்றது. அங்கே 1658இல் டச்சுக்காரர் கால் ஊன்றினர். 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கொற்கையின் முத்து வாணிகமும் இவ்வாறே துறைவிட்டுத் துறை நடந்து தூத்துக்குடியை அடைந்து, 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது.

புன்னைக்காயலிலிருந்து வள்ளம் ஒன்றில் ஏறி முகத்துவாரத்துக்குச் சென்றேன். இரு புறமும் அலையாத்தி மரங்கள். அவற்றுக்கு அப்பால் ஆறும் கடலும் கைகோக்கும் இடத்தில் வெண்மணல் நாக்கு ஒன்று நீண்டு கிடந்தது. வீடு இல்லை, கடை இல்லை, மனித நடமாட்டமே இல்லை. மணலில் நண்டுகள் எழுதிய கோலங்களும் பறவைகளின் காலடிகளுமே காணப்பட்டன. ஒரு புறம் ஆற்று நீர் அமைதியாக வந்து நின்றது. மறுபுறம் அலைகள் ஓயாமல் வந்து மோதின. எத்துணையோ காலமாக இந்தக் கடற்கரை இப்படியே இருந்திருக்கும் என்று நான் வியந்து சொன்னேன். வள்ளக்காரர் சிரித்துவிட்டார்.

"ஐயா, நாம் நிற்கிற இந்த மணல் இரண்டு மாதக் குழந்தை. கார்த்திகையில் மணல்மேடு அதோ அங்கே இருந்தது. மார்கழி வெள்ளம் அதைப் பிளந்துகொண்டு போயிற்று. இனிக் கச்சான் காற்று பிறந்தால் இது வடக்கே நகரும். வாடை அடித்தால் தெற்கே திரும்பும். வள்ளம் போக நேற்று இருந்த வழி நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. வாய் அடைத்துக்கொண்டால் எங்கள் பாடு திண்டாட்டம்தான்" என்றார்.

அவர் குறிப்பிட்டது 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களின் பெருமழை வெள்ளத்தை. அப்போது அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு பல ஊர்களைச் சூழ்ந்தது.

அவருடைய சொற்களில் கொற்கையின் வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது. பொதிய மலையில் பிறந்து ஓடிவரும் ஆறு, கடலை நெருங்கியதும் வேகம் குன்றி, சுமந்துவந்த மணலையும் வண்டலையும் இறக்கி வைக்கிறது. அலையும் கரையோர நீரோட்டமும் அம்மணலை வாரி மேடாக்குகின்றன. மேட்டுக்குப் பின்னால் காயல் உண்டாகிறது. வெள்ளந்தோறும் படியும் வண்டல் அதைத் தூர்க்கிறது. காயல் வயலாகிறது, கடற்கரை முன்னே செல்கிறது. 6 கிலோமீட்டரை 2,000 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 3 மீட்டர், அதாவது நான்கு காலடி தூரம். கடல் ஒழுங்காக ஆண்டுக்கு நான்கு அடி வைத்து விலகியது என்பதன்று இதன் பொருள். சில ஆண்டுகளில் பாய்ந்திருக்கும், சில ஆண்டுகளில் பின்வாங்கியும் இருக்கும். ஆனால் ஒரு மாநகரைத் துறைமுகம் அல்லாததாக்குவதற்குப் பேரழிவு எதுவும் வேண்டியதில்லை. சிறு மாற்றம் நெடுங்காலம் தொடர்ந்தாலே போதும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கடல்கோளைக் கண்ட மக்கள் அதைக் கதையாகச் சொல்லுவர், பாட்டாகப் பாடுவர். நாள்தோறும் ஒரு கைப்பிடி மணல் சேர்வதை யார் பாடுவார்? கொற்கையின் முடிவு நம் நினைவில் தவறாகப் பதிந்ததற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அக்காலத்தில் ஆறு தன் விருப்பம்போல் மணலைக் கொண்டுவந்தது. இன்று அதன் வழியெங்கும் அணைகள் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே அவற்றுள் கடைசி. அணைகள் நமக்குச் சோறு அளிப்பவை. அவற்றை வேண்டாம் என்று எவரும் சொல்லார். ஆயினும் அணையில் தங்கும் மணல் கடற்கரைக்கு வந்து சேராது. ஆற்றுப் படுகையில் நாம் அள்ளும் மணலும் அவ்வாறே. கொற்கையில் மணல் மிகுந்ததால் ஒரு துறைமுகம் மறைந்தது. மணல் குறைந்தால் ஒரு கரையே மறையக்கூடும். அந்தக் கரையை நம்பி வள்ளம் செலுத்துவோர் இன்றும் இருக்கின்றனர். ஆகவே இது பழங்கதை மட்டும் அன்று.

வள்ளம் திரும்பும்போது பின்னால் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் மணலில் பதித்த காலடிகளை நீர் நிரப்பிக்கொண்டிருந்தது. அந்த மணல்மேடு இன்று அதே இடத்தில் இருக்காது. அடுத்த ஆண்டு நீங்கள் சென்றால் வேறு ஒரு கடற்கரையில்தான் இறங்குவீர்கள்.

மாணவர்களே, அந்தப் பழைய வினா உங்கள் தேர்விலும் ஒருநாள் வரலாம். "கொற்கையைக் கடல் கொள்ளவில்லை, ஆறு கொண்டது" என்று எழுதுங்கள். முடிந்தால் எழுதுவதற்கு முன் ஒருமுறை அங்கே சென்று, கொற்கையிலிருந்து கிழக்கு நோக்கிக் கடல் வரையில் நடந்து பாருங்கள். அந்த 6 கிலோமீட்டர்தான் சரியான விடை.