அருஞ்சொற்களுக்கு எளிய சொல்லே திறவுகோல்



கடினமான ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் நிறைய மனனம் செய்ய வேண்டும், அவற்றுக்குத் தமிழில் பொருள் கூற வேண்டா எனப் பெற்றோர் சிலர் என்னிடம் வலியுறுத்துவதுண்டு. அவர்தம் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும், ஆங்கிலேயர் தம் மொழியின் அருஞ்சொற்களை எவ்வாறு கற்றனர் என்னும் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

16ஆம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. இலத்தீன் பயின்ற ஆடவர்க்கு அவை விளங்கின. அக்கல்வி வாய்க்காத பெண்டிரும் எளிய மக்களும், தாய்மொழியில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவைக் கேட்டும் பொருள் புரியாமல் திகைத்தனர். இப்போக்கை 1553இல் தாமஸ் வில்சன் தமது சொல்லாட்சி நூலில் கண்டித்தார். அயற்சொற்களைத் தேடி அலைவோர் தாய்மொழியையே மறக்கின்றனர். அவர்தம் தாய்மார் உயிரோடு இருந்தாலும் மகன் பேசுவது அவர்களுக்கு விளங்காது என்பது அவர் கருத்து.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் நம்மைப் போன்ற ஒரு பள்ளியாசிரியரே. சமயகுருவாகவும் பணியாற்றிய இராபர்ட் காட்ரி, 1604இல் ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களைத் தொகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியாக அது போற்றப்படுகிறது. இலண்டனில் ஆசிரியராக இருந்த அவருடைய மகன் தாமசும் இப்பணியில் துணை நின்றார். அகரவரிசை பழகாத வாசகருக்காக, முதலெழுத்துகளுக்குரிய சொற்களை நூலின் தொடக்கத்திலும் கடையெழுத்துகளுக்குரியவற்றை இறுதியிலும் தேடுமாறு முன்னுரையிலேயே விளக்கினார். அருஞ்சொல் ஒவ்வொன்றுக்கும், வாசகர் முன்பே அறிந்த எளிய சொல்லைப் பொருளாகத் தந்தார். வில்சனின் கண்டனத்தையும் தம் முன்னுரையில் எடுத்தாண்டார்.

காட்ரியின் வழி மிகத் தெளிவானது. தெரிந்த சொல்லைக் கைப்பிடித்தே தெரியாத சொல்லை அடைய வேண்டும். ஆங்கிலேயக் குழந்தைக்கு அந்தத் தெரிந்த சொல் எளிய ஆங்கிலம். நம் குழந்தைக்கு அது தமிழ்.

‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்னும் சொல்லைப் பாருங்கள். கிரேக்கம் அறியாத ஆங்கிலேயச் சிறுவனுக்கு அதன் உட்பொருள் தானாகப் புலப்படாது. ‘ஒளிச்சேர்க்கை’ என்றதும் நம் மாணவனுக்கு ஒளியும் சேர்க்கையும் உடனே விளங்குகின்றன. பின்னர், ‘ஃபோட்டோ’ என்பது ஒளி, ‘சிந்தசிஸ்’ என்பது சேர்க்கை எனப் பிரித்துக் காட்டினால் ஆங்கிலச் சொல்லும் மனத்தில் நிலைத்துவிடும். ‘தொலைநோக்கி’ வழியே ‘டெலஸ்கோப்’ என்பதையும் இவ்வாறே கற்பிக்கலாம். ‘டெலி’ என்பது தொலைவு. ‘ஸ்கோப்’ என்பது நோக்குவது.

நம் நாட்டில் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் அறிமுகமானது. கொள்கைகள் மாறும், சொல்லின் பொருளறிந்து கற்கும் பழக்கம் குழந்தையோடு என்றும் நிலைத்திருக்கும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நாள்தோறும் 20 சொற்களை ஒப்புவிப்பதைக் காட்டிலும், இரண்டு சொற்களின் பொருளைத் தன் தாய்க்குத் தமிழில் விளக்கட்டும். அவ்வாறு விளக்க இயன்ற சொல்லே பிள்ளைக்குச் சொந்தமான சொல். தமிழை விலக்கி ஆங்கிலத்தை வளர்க்க முற்பட்டால், ஏணியை எடுத்துவிட்டு மாடிக்கு ஏறச் சொல்வது போலாகும். சிந்திப்போம், செயல்படுவோம்.