உடுவிற் சூழலும் இசைவழிச் சிகிச்சையும்

ஈழத்துப் பெண்கல்வி வரலாற்றில் உடுவில் பெறுமிடம் யாவரும் அறிந்ததே. 1824இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அங்கு பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1840இல் வந்து சேர்ந்த எலிசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கு பணியாற்றி, 'ஆயிரம் மகளிரின் தாய்' எனப் பெயர்பெற்றார். பெற்றோரைப் பிரிந்த சிறுமியரின் பராமரிப்பைப் பிறர் ஏற்றுக்கொண்ட பழைய களங்களுள் உடுவிலும் ஒன்று எனலாம்.

அதன் அயலிலே இசைக்கும் ஒரு வரலாறு உண்டு. இணுவிலின் தவில், நாதஸ்வர மரபு புகழ்வாய்ந்தது. மருதனார்மடத்தில் 1913இல் சேர். பொன். இராமநாதன் மகளிர் கல்லூரியொன்றை நிறுவினார். 1960இல் அவ்விடத்தே இராமநாதன் சங்கீத அக்கடமி தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராகப் பணியாற்றியவர். பின்னர் அந்நிறுவனம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இத்துணை இசைவளம் வாய்ந்த சூழலில், துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கு இசை யாது செய்துள்ளது என்னும் வினா எழுவது இயல்பேயாம்.

போர் தந்த மனவடுக்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக ஆராய்ந்தார். அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. எனினும் வீட்டினுள் நிகழ்ந்த கொடுமை நெடுங்காலம் பேசப்படாதிருந்தது. 2008இல் வெளியான ஆய்வொன்று, வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரை ஆராய்ந்து, போர் அனுபவமும் தந்தையின் மதுப்பழக்கமும் குடும்ப வன்முறையோடு தொடர்புடையன எனக் காட்டிற்று. குண்டு வீழ்ந்ததை அயலவருக்குச் சொல்லலாம். தந்தையின் அடியை யாரிடம் சொல்வது? சிறுவர் துஷ்பிரயோகம் தொடர்பாக 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவாகியது. ஆனால் சட்டம் வாக்குமூலத்தை வேண்டி நிற்பது; பிள்ளையோ பேச இயலாது நிற்கின்றது.

இவ்விடத்திலேயே இசைவழிச் சிகிச்சை பயன்படுகின்றது. 1944இல் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் இது பயிற்சிநெறியாயிற்று. 1959இல் பிரித்தானியாவில் போல் நோர்டொவ், கிளைவ் றொபின்ஸ் ஆகிய இருவரும் குறைபாடுடைய பிள்ளைகளுடன் சேர்ந்து இசைத்து ஒரு முறையை வகுக்கத் தொடங்கினர். பிள்ளை பறையைத் தட்டுகின்றது. சிகிச்சையாளர் அதே கதியிற் பதிலிறுக்கின்றார். பிள்ளை நிறுத்தினால் அவரும் நிறுத்துகின்றார். பெரியவரொருவரின் விருப்பத்திற்குத் தன் உடலே அடங்கிப்போன பிள்ளைக்கு, பெரியவரொருவர் தன் குறிப்பை அறிந்து நடப்பது புதிய அனுபவம். நடந்ததைச் சொல்லுமாறு அங்கு எவரும் வற்புறுத்துவதில்லை. உளவளத்துணைக்கும் மருத்துவத்துக்கும் இது துணையேயன்றி மாற்றன்று.

இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்னும் கூற்றுக்கள் தமிழரிடையே மலிந்துள்ளன. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் மருத்துவராகவும் இருந்தமை அத்தகையோர்க்கு உவப்பான செய்தி. ஆயின், மேற்கூறிய முறையில் இராகத்திலும் முதன்மை பெறுவது உறவேயாம். இங்கேதான் யாழ்ப்பாணத்து இசைக்கல்வியோடு ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் இசையறிவைப் பரப்பின, அப்பணி பெரிது. எனினும் தரத்துக்குத் தரம் ஏறும் பிள்ளை, பிழைக்கு அஞ்சியே பாடப் பழகுகின்றது. அச்சத்தால் காயமுற்ற பிள்ளைக்கு அவ்வகுப்பறை மருந்தாகாது.

1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வேறொரு வழியைக் காட்டிற்று. போரால் பாதிப்புற்ற தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு பரீட்சையின்றிப் பாடினர், வரைந்தனர், கதை புனைந்தனர். உடுவிற் சூழலில் இதற்கு வேண்டியன அருகருகே உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 முதல் இயங்குகின்றது. அதன் இசைக்கல்வி மருதனார்மடத்தில் நடைபெறுகின்றது. இரண்டுக்கும் இடைத்தூரம் சில மைல்களே. இசை மாணவர் உளமருத்துவத்தின் கீழ் ஈராண்டேனும் பயிலாது இப்பணியில் இறங்குதல் ஆபத்தானது. ஆறாத புண்ணைத் தாலாட்டொன்றும் கிளறிவிடக் கூடும்.