முன் போர்க்குக்குள் இருக்கும் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?

சுங்கை சிப்புட் - 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு நாடெங்கும் சைக்கிள் வாங்கும் மோகம் கிளம்பியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது வாங்கிய மவுண்டன் பைக்குகள் பல இன்று இரண்டாம் கை, மூன்றாம் கைக்கு மாறிவிட்டன. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் ஓட்டும் நம் இளைஞர்கள் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறார்கள், டயர் மாற்றுகிறார்கள், பிரேக் கட்டையைக் கவனிக்கிறார்கள். முன் போர்க்குக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது, அதுவும் கெட்டுப்போகும் என்பதுதான் கணக்கில் வருவதில்லை.

முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள்தான் போர்க். மேலே பளபளக்கும் மெல்லிய குழாய்கள் கீழே உள்ள தடித்த கால்களுக்குள் இறங்கி ஏறுகின்றன. இன்றைய காற்று போர்க்குகள் பெரும்பாலானவற்றில் இடக்காலில் அழுத்தக் காற்று, வலக்காலில் எண்ணெய் நிரம்பிய டேம்பர். காற்று உங்கள் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் எடையைத் தாங்குவதில்லை. சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓடி, போர்க் எவ்வளவு வேகமாக இறங்கலாம், எவ்வளவு வேகமாக எழலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இந்த வேறுபாடு புரியாமல்தான், போர்க் மிருதுவாக இருக்கிறது என்று கெட்டியான எண்ணெய் ஊற்றுகிறார்கள். மிருதுவாக இருந்தால் காற்றைக் கூட்ட வேண்டும். எழும்பும்போது கையை உதைத்தால்தான் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

நம் கப்சாய் மோட்டார்களின் முன் போர்க்கும் இதே தத்துவந்தான், காற்றுக்குப் பதில் சுருள் கம்பி. சைக்கிளுக்கு இது மோட்டார் பந்தய உலகிலிருந்து வந்ததே. அங்கிருந்து வந்த பால் டர்னர் 1989-இல் அமெரிக்காவில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியின் மலையிறக்கப் பிரிவில் அந்தப் போர்க்கோடு ஓட்டிய கிரெக் ஹெர்போல்ட் வென்றார்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்த விலை சைக்கிள்களில் வரும் சுருள் கம்பி போர்க்குகள் பலவற்றில் எண்ணெயே கிடையாது, கிரீஸ் மட்டும்தான். அவற்றைத் திறந்து எண்ணெய் தேடுவது வீண் வேலை. மாடல் பெயரைப் பார்த்து, தயாரிப்பாளரின் கையேட்டைப் பதிவிறக்கிக்கொள்வதே முதல் படி.

எண்ணெய் உள்ள போர்க்கில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று டேம்பருக்குள். மற்றொன்று கீழ்க்கால்களின் அடியில், சில மில்லிலிட்டர் மட்டும். இந்தச் சிறிதளவு எண்ணெய்தான் புஷ்ஷையும் சீலையும் நனைத்து, குழாய் வழுக்கி இறங்க வைக்கிறது. முதலில் கெடுவதும் இதுவே. ராக்‌ஷாக்ஸ் தன் போர்க்குகளின் கீழ்க்கால் எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது அரை ஆண்டு. நம் ஊரில் மழைச் சேறும் காய்ந்த செம்மண் தூளும் மாறி மாறி வருவதால், நான் அதற்கும் முன்பே மாற்றச் சொல்வேன். வெளியே வரும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சாம்பல் நிறமென்றால் அழுக்கும் உலோகத் தேய்மானமும்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கையும் காலிலிருந்து விடுவித்துத் தள்ளி வையுங்கள். எண்ணெய் ஒரு துளி பிரேக் கட்டையில் பட்டாலும் பிடிப்பு போய்விடும். பிறகு காற்றழுத்த அளவைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். காற்று உள்ளே இருக்கும்போது எதையும் திறக்கக் கூடாது, பாகங்கள் பாய்ந்து முகத்தில் அடிக்கும்.

அடியில் உள்ள இரண்டு போல்ட்டுகளையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் உள்தண்டு விடுபடும். போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் மரை கெடும். இனி போல்ட்டுகளை எடுத்துவிட்டுக் கீழ்க்கால்களை இழுங்கள். பழைய எண்ணெய் கொட்டும், பாத்திரம் வையுங்கள். உள்ளே சுத்தமான துணியால் துடைத்து, சீலுக்கு அடியிலுள்ள பஞ்சு வளையத்தைக் கழுவி, புது எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துங்கள். குழாயைத் திரும்பச் செருகும்போது சீலின் உதடு மடியாமல் பார்க்க வேண்டும், அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இங்கேதான். பாதி செருகிய நிலையில் சைக்கிளைச் சாய்த்து, போல்ட் துளை வழியே ஊசிக்குழலால் கையேடு சொல்லும் அளவு எண்ணெயைச் செலுத்தி, புது வாஷரோடு போல்ட்டை முடுக்குங்கள். எண்ணெய் கூடிப்போனால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து போர்க் முழுதாக இறங்காது, சீலும் கசியும்.

டேம்பர் எண்ணெய் வேறு கதை. சிறப்புக் கருவி வேண்டும், உள்ளே காற்றுக்குமிழி தங்காமல் நிரப்ப வேண்டும். முதல் முறை என்றால் பழகிய கடையில் கொடுப்பதே நல்லது.

எந்த எண்ணெய்? மோட்டார் எஞ்சின் எண்ணெயை டேம்பரில் ஊற்றாதீர்கள், அது பல மடங்கு கெட்டி. புட்டியில் 5, 10 என்று எழுதியிருப்பதையும் நம்பிவிட முடியாது. ஒரு கம்பெனியின் 5, 40 பாகை வெப்பத்தில் சுமார் 16 சென்டிஸ்டோக்ஸ் அளவு கெட்டியாக இருக்கும், இன்னொன்றின் 5 சுமார் 26. ஒப்பிட வேண்டியது அந்த சென்டிஸ்டோக்ஸ் எண்ணைத்தான். குளிர் நாட்டவர் பருவத்துக்கேற்ப எண்ணெய் மாற்றுவது பற்றிப் பேசுவார்கள். நமக்கு ஆண்டு முழுக்க ஒரே வெயில், அந்தக் கவலை வேண்டாம்.

எண்ணெய் மாற்றியபின் சரிப்படுத்த வேண்டும். வழக்கமான பையும் தண்ணீரும் சுமந்து சைக்கிளில் ஏறி நில்லுங்கள். பயணத் தூரம் 120 மில்லிமீட்டர் என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 24 மில்லிமீட்டர் இறங்கும்வரை காற்றைக் கூட்டிக் குறையுங்கள். குழாயில் உள்ள ரப்பர் வளையம் அளவைக் காட்டும். அடுத்து காலின் அடியிலுள்ள எழும்பு வேகத் திருகை முழுக்க மூடி, ஒவ்வொரு கிளிக்காகத் திறந்து, அதே மேட்டில் திரும்பத் திரும்ப இறங்கிப் பாருங்கள். அதிக வேகமாக எழும்பினால் வளைவில் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காது. மெதுவாக எழும்பினால், வரிசையாக வேர்கள் வரும் பாதையில் போர்க் எழுவதற்குள் அடுத்த இடி விழுந்து, இறங்கிய நிலையிலேயே நின்றுவிடும். டிராக்டர் தடம் பதிந்த இறக்கத்தில் இது ஆளைத் தூக்கிப் போடும்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், அது பிளஸ் ஆற்றுக்குத்தான் போகும். 2005 சுற்றுச்சூழல் விதிகளின்படி பழைய மசகெண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய் இரண்டும் அட்டவணைக் கழிவுகள். மூடியுள்ள புட்டியில் சேர்த்து, பழைய எண்ணெய்க்கு டிரம் வைத்திருக்கும் மோட்டார் பட்டறையில் கொடுங்கள்.

இரண்டாம் கை சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் மேல் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். கீறலோ, பூச்சு தேய்ந்த நிறமாற்றமோ இருந்தால் எண்ணெய் இல்லாமலேயே ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெயும் சீலும் மாற்றினாலும் அது மீளாது, குழாய்த் தொகுதியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் பல சமயம் இன்னொரு போர்க்கே வாங்கிவிடலாம். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.